துறக்க வேண்டியவர் யார்?

திருக்கோளூர்ப் பெண்பிள்ளைக்குப் பெயர் இல்லை. அவள் சொன்ன 81 வாசகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உரைகள் இருக்கின்றன. அவற்றைப் பிழையில்லாமல் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்றும் தாமிரபரணிக் கரையில் இருக்கிறார்கள். சொன்னவளின் பெயரைத்தான் யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ‘பெண்பிள்ளை’ என்ற பொதுச்சொல்லே அவளுக்குப் பெயராக நின்றுவிட்டது.

கதை சிறியது. இராமானுசர் திருக்கோளூருக்குள் நுழைகிறார். ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு பெண் எதிரே வந்து வணங்குகிறாள். எல்லாரும் தேடிவந்து புகுகிற ஊரைவிட்டு நீ மட்டும் ஏன் அம்மா புறப்பட்டுவிட்டாய் என்று அவர் கேட்கிறார். இந்த ஊரில் இருக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்கிறாள் அவள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறாள். அக்ரூரர் செய்ததுபோல் நான் ஏதாவது செய்தேனா, விதுரர் செய்ததுபோல் செய்தேனா, அனசூயை, அகலிகை, யசோதை, திரௌபதி, திரிசடை, மண்டோதரி, ஆண்டாள், மதுரகவி, இவர்களில் யாரைப்போலாவது இருந்தேனா என்று 81 முறை கேட்கிறாள். வியந்துபோன இராமானுசர் அவளோடு திரும்பி அவள் வீட்டுக்கே போய், அவள் சமைத்த உணவை ஏற்றுக்கொண்டார் என்று முடிகிறது.

இந்தப் பிரதியை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அவளுடைய படிப்பு. இராமாயணம், பாரதம், பாகவதம், ஆழ்வார்கள் வரலாறு, ஆசாரியர்கள் வரலாறு எல்லாம் அவள் விரல் நுனியில் இருக்கின்றன. அதுவும் வெறும் தகவலாக இல்லை. ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் எந்த ஒரு செயல் அவரை அவராக்கியது என்று தேர்ந்தெடுத்து, ஒரே வரியில் சொல்லிவிடுகிறாள். விமர்சகர் செய்யும் வேலை அது. இவ்வளவு தெரிந்தவள், எனக்கு ஒன்றுமில்லை என்கிறாள்.

அது நைச்சியம், தன்னைத் தாழ்த்திக்கொள்வது வைணவத்தில் பெரிய குணம் என்று சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆளவந்தாரும் தம் தோத்திரத்தில் தம்மைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார். நம்மாழ்வாரும் பேசியிருக்கிறார். ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். ஆசாரியர் தம்மைத் தகுதியற்றவர் என்று சொல்லும்போது அவர் பீடம் அவருக்கே இருக்கிறது. யாரும் அவரை எழுந்து போகச் சொல்வதில்லை; அவரும் போவதில்லை. இவள் சொல்லும்போதோ ஊரைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறாள். ஆணின் பணிவு அவன் புகழில் சேர்கிறது. பெண்ணின் பணிவு அவளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

திருக்கோளூருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் திருக்குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர். அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் புளியமரம் ஆதிநாதர் கோயிலுக்குள் இன்றும் நிற்கிறது. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களில் திருக்கோளூருக்கும் ஒரு பதிகம் உண்டு. அதைப் பாடுவது ஒரு தாய். விடிந்து பார்த்தால் மகளைக் காணோம். விளையாட்டுப் பொருள்கள் கிடக்கின்றன, வளர்த்த கிளிகள் இருக்கின்றன, அவள் இல்லை. எங்கே போயிருப்பாள் என்று தாய்க்குத் தெரியும்: திருக்கோளூருக்குத்தான். ஊர் என்ன பழி பேசுமோ என்ற கவலையும், அந்த மெல்லிய உடம்பு அவ்வளவு தூரம் எப்படி நடந்திருக்கும் என்ற கலக்கமும் பதிகம் முழுக்க ஓடுகின்றன. எல்லாரும் புகுகிற ஊர் என்று இராமானுசர் அந்தப் பெண்ணிடம் சொன்னதே இந்தப் பதிகத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஆக, ஒரே ஊருக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி பாட்டுக்குள் தனியாக நடந்துபோய் அந்த ஊருக்குள் புகுகிறாள். அவளுக்குப் பராங்குச நாயகி என்று பெயர் உண்டு, தாய் உண்டு, தோழி உண்டு. அவள் ஓர் ஆண் கவிஞர் எடுத்துக்கொண்ட பெண் வடிவம். இன்னொருத்தி கதைக்குள் அந்த ஊரைவிட்டு வெளியேறுகிறாள். அவள் யாருடைய வேடமும் அல்ல. ஊரில் குடியிருந்த பெண். அவளுக்குத்தான் பெயரில்லை.

திருவாய்மொழியில் தலைவி பேசுவதாக 17 பதிகங்களும், தாய் பேசுவதாக 7 பதிகங்களும், தோழி பேசுவதாக 3 பதிகங்களும் உண்டு என்பது மரபான கணக்கு. மொத்தம் 27. அவர் ஏன் பெண்ணாகிப் பேசினார் என்பதற்கு ஆசார்ய ஹ்ருதயம் ஒரு விளக்கம் தருகிறது. ஆழ்வார் அறிவு நிலையில் நிற்கும்போது தாமாகவே பேசுகிறார். அன்பு மீறும்போது பெண்ணாகிப் பேசுகிறார் என்பது அதன் சாரம். அழகான விளக்கம் என்று எனக்கும் சொல்லித்தந்தார்கள். முனைவர் பட்டத்துக்காகப் படித்த காலத்தில் நானும் அதை வியந்தே படித்தேன். ஆனால் அதற்குள் ஒரு பங்கீடு இருக்கிறது. அறிவு ஆணுக்கு, அன்பு பெண்ணுக்கு. ஆண் இரண்டுக்கும் உரியவன். வேண்டும்போது பெண் குரலை எடுத்துக்கொள்ளலாம், முடிந்ததும் இறக்கிவைக்கலாம். பெண் ஒன்றுக்கு மட்டும் உரியவள். அவள் அறிவின் குரலை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை. திருக்கோளூர்ப் பெண்பிள்ளை எடுத்துக்கொண்டது அறிவின் குரலைத்தான். அவளைச் சொல்லவிட்டார்கள், வியந்தார்கள், அவள் வாசகங்களுக்கு ‘ரகசியம்’ என்ற உயர்ந்த பெயரையும் கொடுத்தார்கள். பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

இது இலக்கியத்துக்குள் மட்டும் நடப்பதாக இருந்தால் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு விட்டுவிடலாம். வைகாசியில் எங்கள் ஊர்த் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருடன்மேல் எழுந்தருள்வார்கள். நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். வீதி கொள்ளாத கூட்டம். கைக்குழந்தையோடு, பாட்டியோடு, தூக்குவாளியில் சோற்றோடு வந்து இரவெல்லாம் நிற்பவர்களில் பெண்களே அதிகம். வைணவக் கோயில் வீதியுலாக்களில் தமிழ் பாடும் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னே போகும். வேதம் ஓதுவோர் பின்னே வருவார்கள். தமிழுக்குக் கிடைத்த இடம் என்று மேடைதோறும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். நான் பார்த்த ஆண்டுகளில் முன்னே போன அந்தத் தமிழ்க் கோஷ்டியில் ஒரு பெண்ணும் இல்லை. மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை நடக்கும். கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு அரையர் பாசுரத்தைப் பாடி அபிநயிப்பார். தாயாகவும் அவரே, மகளாகவும் அவரே, குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் அவரே. பரம்பரையாக ஆண்களிடம் இருக்கும் அரிய கலை அது. அதைக் காத்துவருகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றும்: மூன்று பெண்கள் பேசுகிறார்கள், ஒரு பெண்ணும் பேசவில்லை.

என் மாணவி ஒருத்தி பாட்டியிடம் கேட்டுக் கேட்டே திருவாய்மொழியில் பெரும்பகுதியைப் பாடம் செய்தவள். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் கேட்டாள்: “அம்மா, இத நான் எங்க போய்ச் சொல்லலாம்?” வீட்டில் சொல்லலாம், போட்டியில் சொல்லலாம், தேர்வில் எழுதலாம். அவள் கேட்டது அதையல்ல. அவள் கேட்டதற்கான பதிலை இலக்கியத்தில் தேடிப் பயனில்லை என்று பட்டது. சட்டத்தில் தேடினேன்.

தமிழ்நாட்டில் இந்தத் தேடல் தொடங்கவேண்டிய வழக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிறது. கடவுள் இல்லை என்று சொன்ன பெரியார் 1970இல் கருவறை நுழைவுப் போராட்டம் அறிவித்தார். பக்திக்காக அல்ல, பிறப்பின் பெயரால் ஒருவரை வாசலில் நிறுத்துவது சுயமரியாதைக்கு இழுக்கு என்பதற்காக. அதன் தொடர்ச்சியாகத் தி.மு.க. அரசு அர்ச்சகர் பதவியில் வாரிசு உரிமையை ஒழித்துச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போன வழக்குத் தொகுதி ‘சேஷம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு’ என்றே அறியப்படுகிறது. 1972 மார்ச் 14 அன்று தீர்ப்பு வந்தது. வாரிசு உரிமையை ஒழித்தது செல்லும். அர்ச்சகரை நியமிப்பது மதச் சார்பற்ற செயல். ஆனால் நியமிக்கப்படுபவர் ஆகமம் சொல்லும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தந்தைக்குப் பின் மகன், பிறப்பா பயிற்சியா, ஆகமமா அரசா என்று விரியும் அந்த விவாதத்தில், ஒரு பெண் அர்ச்சகராகலாமா என்பது கேள்வியாகக்கூட எழவில்லை. வழக்கின் தலைப்பில் பெண் பெயர். உள்ளே ஆண்களுக்கு இடையிலான பங்குச் சண்டை. பெயரில்லாத பெண்பிள்ளைக்கு நேர் எதிரான நிலை இது. அவளிடம் வாசகம் இருந்தது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, வாசகம் இல்லை.

2006இல் தகுதியும் பயிற்சியும் பெற்ற எந்த இந்துவும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வந்தது. மதுரை, பழனி, திருவண்ணாமலை, திருச்செந்தூரில் சைவத்துக்கும், திருவரங்கம், திருவல்லிக்கேணியில் வைணவத்துக்கும் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில்தான் திருச்செந்தூர். ‘எந்த இந்துவும்’ என்ற சொல்லில் பெண்ணும் அடங்குவாள் என்பதை நாம் நடைமுறையில் பார்க்க 2023 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் திருவரங்கம் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்த மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2021 ஆகஸ்டில், சென்னைக்கு அருகே மாடம்பாக்கம் சிவன் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். தேவாரத்துக்கு ஒரு பெண் குரல் கிடைத்துவிட்டது. திருவாய்மொழிக்கு?

சாதியின் பெயரால் அடைக்கப்பட்ட கதவைத் திறக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தில் அரைநூற்றாண்டாக ஆணைகள், வழக்குகள், போராட்டங்கள் நடந்திருக்கின்றன. அவை இன்னும் முழுதாக வென்றுவிடவில்லை. பாலினத்தின் பெயரால் அடைக்கப்பட்ட கதவைப் பற்றியோ, அது அடைக்கப்பட்டிருப்பதாகவே பலரும் எண்ணுவதில்லை. அறநிலையத் துறைச் சட்டப்படி அமையும் அறங்காவலர் குழுவில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். கோயில் வரவுசெலவில் பெண் கையெழுத்திடலாம் என்று சட்டம் சொல்கிறது. அவள் அதே கோயிலில் நின்று பாசுரம் சொல்லலாமா என்பதை வழக்கத்திடம் விட்டுவிடுகிறது.

வழக்கம் என்பது எவ்வளவு பழையது? இதற்கு விடை தரும் வழக்கு உசிலம்பட்டிப் பக்கம் நல்லுத்தேவன்பட்டியிலிருந்து வந்தது. அங்கே துர்க்கை அம்மன் கோயில் பூசாரி நோயில் விழுந்தபோது அவர் மகள் பின்னியக்காள் பூசையை ஏற்று நடத்தினார். தந்தை படுத்திருந்தவரை ஊர் ஏற்றுக்கொண்டது. அவர் இறந்து, மகள் தன் உரிமையாக அதைத் தொடர்ந்தபோது எதிர்ப்பு வந்தது. கவனியுங்கள்: ஆணுக்கு ஒத்தாசையாகச் செய்தபோது தீட்டில்லை, உரிமையாகச் செய்தபோது தீட்டு வந்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் 2008இல் நீதிபதி கே. சந்துரு பின்னியக்காளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். தெய்வமே பெண்ணாக இருக்கும் கோயிலில் பெண் பூசை செய்வதை எதிர்ப்பதில் உள்ள முரணை அந்தத் தீர்ப்பு எடுத்துச்சொன்னது. பெண்ணைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றது. 2023 ஆகஸ்டில் நம்பியூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில், பூசாரியாக இருந்து இறந்தவரின் மனைவியைக் கைம்பெண் என்று சொல்லித் திருவிழாவுக்குள் விடாமல் தடுத்த வழக்கு வந்தபோது, பெண்ணுக்குத் திருமண நிலையைச் சாராத அடையாளம் உண்டு என்று அதே உயர்நீதிமன்றம் சொன்னது. இவற்றோடு மேல்மருவத்தூரையும் சேர்த்துப் பாருங்கள். மாதவிலக்கு நாள் என்று பாராமல் பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள். சிவப்புச் சேலையோடு பேருந்து பேருந்தாகப் போகிறவர்கள் நம் அம்மாக்களும் சித்திகளும்தான். வழக்கம் ஒன்றல்ல, பல என்பதும், அவற்றில் பெண்ணைத் தள்ளிவைப்பது மட்டுமே ‘மரபு’ என்ற பெயரைப் பெறுகிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

சபரிமலையைத் தொடாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 1991இல் கேரள உயர்நீதிமன்றம் 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு விதித்த தடையை, 2018 செப்டம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீக்கியது. மாதவிலக்கைக் காரணமாக்கித் தள்ளிவைப்பதும் தீண்டாமையின் ஒரு வடிவம்தான் என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பை எழுதியவர் அமர்வில் இருந்த ஒரே பெண், இந்து மல்கோத்ரா. 2019 சனவரி 2 அன்று இரண்டு பெண்கள் உள்ளே போய்வந்தார்கள். நடையைச் சாத்திச் சுத்திகரணம் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சீராய்வு மனுக்களை ஒட்டி எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன.

மாறுபட்ட தீர்ப்பை ஒதுக்கிவிட்டுப் போவது நமக்குச் சுலபம், போகக்கூடாது. வழிபடுகிறவர் அல்லாதார் வந்து வழிபாட்டு முறையைக் கேள்வி கேட்க முடியுமா, எது பகுத்தறிவுக்கு ஒத்தது என்று நீதிமன்றம் மதத்துக்குள் புகுந்து சொல்ல வேண்டுமா என்று அது கேட்கிறது. அந்த மாதங்களில் நாங்கள் 50 வயதுவரை காத்திருக்கத் தயார் என்று பல பெண்கள் முன்வந்து சொன்னார்கள். எங்கள் தெருவிலும் சொன்னார்கள். அவர்களை ஆணாதிக்கத்தின் கைப்பாவைகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. காத்திருப்பதும் ஒரு வழிபாடு. விரும்பிச் செய்தால். கதவு திறந்திருக்கும்போது வெளியே நிற்கிறவள் விரதம் இருக்கிறாள். பூட்டியிருக்கும்போது அவள் நிற்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. காத்திருக்க விரும்பும் பெண்ணின் விரதத்துக்குப் பொருள் வர வேண்டுமென்றாலும், போக விரும்பும் பெண்ணுக்குக் கதவு திறந்தாக வேண்டும். ஒருத்தியின் பக்தியை இன்னொருத்திக்குப் பூட்டாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

யார் கேட்கலாம் என்ற கேள்விக்கு நம் மாநிலத்திலேயே வலுவான பதில் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானமும் அவரோடு சேர்ந்த பெண்களும் 2000களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார்கள். விவாகரத்து, மஹர், வரதட்சணைச் சிக்கல்கள் ஆண்கள் மட்டும் கூடும் ஜமாஅத்தில் முடிவாகும். அது கூடும் பள்ளிவாசலுக்குள் போய்த் தன் வழக்கைத் தானே சொல்லப் பெண்ணுக்கு வழியில்லை. அவளுக்காக வேறொரு ஆண் பேசுவார். அதை மாற்றத்தான் அவர்கள் கூடினார்கள். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்கள் நம்பிக்கையைவிட்டு வெளியேறவில்லை. நம்பிக்கைக்குள் நின்றே கேட்டார்கள். வழக்குக்கு உரியவள் வாசலுக்கு வெளியே, அவளைப் பற்றிய பேச்சு உள்ளே: மசூதியோ, பெருமாள் கோயிலோ, இந்த ஏற்பாடு எங்கும் ஒன்றுதான்.

கருவறைக்குள் போய் என்ன ஆகப்போகிறது, அந்த அதிகார அடுக்கில் நமக்கும் ஒரு படி வேண்டுமா என்று கேட்கும் தோழிகள் எனக்கு உண்டு. நியாயமான கேள்விதான். 1970இன் பெரியாரே அதற்கும் பதில். போகிறோமா இல்லையா என்பது நம் முடிவாக இருக்கட்டும். போகக்கூடாதவள் என்று நம் உடம்பின்மேல் எழுதியிருப்பதை அழிப்பது வேறு வேலை. கோயிலுக்கே போகாத பெண்ணின் உடம்பிலும் அந்த எழுத்து இருக்கிறது. அது வீட்டின் கொல்லைப்புறத்திலும், அலுவலகத்திலும், ஊர்க் கூட்டத்திலும் படிக்கப்படுகிறது.

இங்கே இந்திய அரசியலமைப்பின் ஒரு சிறு பகுதியை இலக்கியப் பிரதியைப்போல நெருங்கி வாசிக்கலாம். குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51ஏ பிரிவில் ஐந்தாவது கடமை அது. மதம், மொழி, வட்டார வேறுபாடுகளைக் கடந்து மக்களிடையே நல்லிணக்கத்தையும் சகோதரத்துவத்தையும் வளர்ப்பது அதன் முதல் பாதி. பெண்களின் மாண்புக்கு இழுக்கான பழக்கங்களைத் துறப்பது இரண்டாம் பாதி. ஆங்கில மூலத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் அரைப்புள்ளி. உடன்பிறப்பில் ஆண்பாலை மட்டும் குறிக்கும் சொல் முதல் பாதியில் வந்துவிட்டதால், பெண்ணை நினைவுபடுத்த இரண்டாம் பாதி தேவைப்பட்டதோ என்று தோன்றும். இந்தக் கடமைகள் 1976இல் 42ஆவது திருத்தத்தால் வந்தவை. உரிமைகள் முடக்கப்பட்டிருந்த நெருக்கடிநிலைக் காலத்தில் கடமைகளை எழுதிவைத்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதை வாசிக்க முடியாது. நேரடியாக வழக்காடிப் பெறக்கூடியதாகவும் இது இல்லை. குறைகள் தெரிந்தே சொல்கிறேன்: இதிலிருக்கும் ‘துறத்தல்’ என்ற வினை எனக்கு முக்கியம்.

துறவு நம் சமய மொழியின் உச்சமான சொல். பெண்ணிடம் அது எப்போதும் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. பிறந்த வீட்டை விடு, பெயருக்குப் பின்னால் இருப்பதை மாற்று, கணவன் போனால் பூவை விடு, மாதத்தில் மூன்று நாள் பூசையறையை விடு. திருக்கோளூர்ப் பெண்பிள்ளை தன் பட்டியலின் தொடக்கத்திலேயே, தன்னை விட்டுவிட்ட விதுரரோடும், உடலையே விட்ட ரிஷிபத்தினியோடும் ஒப்பிட்டுத் தன்னைக் குறைவாகக் காண்கிறாள். விட்டது போதவில்லை என்று வருந்துகிறவள் ஊரையும் விடப் பார்க்கிறாள். ஐந்தாவது கடமை இந்த வினையின் எழுவாயை மாற்றுகிறது. துறக்க வேண்டியவள் பெண் அல்ல. ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும். துறக்க வேண்டியது உணவையோ பூவையோ அல்ல, பழக்கத்தை. பெண் தன் தகுதியை 81 விதமாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவளை வெளியே நிறுத்தியவர்கள்தான் எதைத் துறந்தோம் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

இராமானுசர் அந்த வீட்டில் உண்ட கதையைக்கூட அப்படி வாசிக்கலாம். அவர் அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடவில்லை. யார் கையால் உண்பது என்பதில் அவ்வளவு கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், ஏதோ ஒரு பழக்கத்தை அவர் துறந்திருந்தால்தான் அந்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்க முடியும். கதையின் கடைசி வரியில் அவள் நகரவில்லை, அவர் நகர்ந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒருவர் துறந்ததாகச் சொல்லப்படுவதைப் போற்றி உற்சவம் கொண்டாடுகிறவர்கள், அதே வழியில் இன்னும் ஓரடி வைப்பதில் மரபுக்கு என்ன பழுது வந்துவிடும்?

மாணவிகளுக்குச் சில நடைமுறைக் காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். தீர்ப்புகளைச் செய்தித்தாள் சுருக்கத்தில் படிக்காதீர்கள்; உச்சநீதிமன்றத் தளத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. ஒரு பதிகத்துக்கு உரை எழுதுவதுபோல் யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே படியுங்கள். மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் அறங்காவலர் குழு அமைந்திருக்கிறதா, அதில் பெண் உறுப்பினர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். விண்ணப்பம் கோரும்போது உங்கள் அம்மாவை, அத்தையை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அர்ச்சகர், ஓதுவார் பயிற்சிப் பள்ளிச் சேர்க்கை அறிவிப்பு வரும்போது பெண்கள் சேரலாமா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரபந்தம் தெரிந்த நான்கு பெண்கள் இருந்தால் கோயில் மண்டபத்தில் அமர்ந்து சொல்ல அனுமதி கேட்டு மனுக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எந்த மனுவிலும் உங்கள் முழுப் பெயரை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

பாசுரத்தை எங்கே சொல்லலாம் என்று கேட்ட அந்த மாணவியிடம் நான் ஆழ்வாரைப் பற்றியோ ஆண்டாளைப் பற்றியோ பேசவில்லை. மனு எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தேன். நான்கு வரி, ஒரு தேதி, அடியில் அவள் பெயர்.